சுவர்ப் பக்கம் திருப்பிய பலகை

தான் அசையாமல் கிடக்கும்போது கட்டில் எதற்குக் கிறீச்சிட வேண்டும் என்பதுதான் இன்பராணிக்குப் புரியவில்லை.

டெல்லியில் ஆசியாட் விளையாட்டுப் போட்டிகள் முடிந்த குளிர்காலம். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு, காலைப் பனிமூட்டத்தில் பஸ் பிடித்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வந்து விழுகிற நர்ஸுக்குப் பகல் தூக்கம்தான் உயிர். போன வாரம் கண் சொக்கி, ஒருவருக்கான ஊசியை இன்னொருவருக்குப் போடப் போய்விட்டாள். இனி ஒரு தடவை இப்படி நடந்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். அதனால் தூங்கியே ஆக வேண்டும். அதுதான் முடியவில்லை.

கட்டிலை வாங்கி வந்தது அவள் கணவன் எலியேசர். சாணக்யபுரியில் ஊரைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று சாமான்களைத் தள்ளிவிட்டது. நட்டைக் கழற்றினால் பலகை பலகையாகப் பிரிந்துவிடும் சீமைக் கட்டில். தலைமாட்டுப் பலகைதான் அடிவாங்கியிருந்தது. ஓரத்தில் மேல்பூச்சு பெயர்ந்து உள்ளே மரத்தூள் உப்பியிருந்தது. நடுவில் நகத்தால் பிராண்டிய மாதிரி கீறல்கள். அதற்கு மேலே, ஒரே தலை வருஷக்கணக்கில் சாய்ந்து ஊறிய எண்ணெய்க் கறை. ஒரு பொருளைத் தூக்கி எறிய எலியேசருக்கு என்றைக்கு மனசு வந்தது? பலகையைத் திருப்பி மாட்டினான். நல்ல பக்கம் இவர்களுக்கு, கெட்ட பக்கம் சுவருக்கு.

அன்றிலிருந்து நட்டு நிற்கவில்லை. ஞாயிறு கோவிலிலிருந்து வந்ததும் அவன் ஸ்பேனரோடு குனிந்து முறுக்குவான். இரண்டு நாளில் மறுபடி தளர்ந்துவிடும். தெருவில் ரஜாய்ப் போர்வைக்குப் பஞ்சு அடிப்பவனின் வில் நாண் அதிரும் ஓசை தேய்ந்து தேய்ந்து அடுத்த பிளாக்குக்குப் போய்விட, போர்வைக்குள் சுருண்டபடி, தலைக்குப் பின்னால் பலகை மெல்ல முனகித் தன் பக்கமாகச் சாய்ந்து வருவதையும், அதோடு கசியும் எண்ணெய் வாடையையும் உணர்ந்துகொண்டே அவள் விழித்துக் கிடப்பாள்.

எலியேசரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒட்டுப் பலகைன்னா லூஸாகத்தான் செய்யும்," என்றான். "ஒனக்குத் தூக்கம் பத்தல ராணி. வேற ஒண்ணுமில்ல."

"நான் சாஞ்சா அது அந்தப் பக்கம்லா போவணும்? இந்தப் பக்கம் வருதுங்க."

அவன் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

அவன் போனதும் சுவருக்கும் பலகைக்கும் இடையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். இடுக்கு நாலு விரற்கடைதான். அலமாரியில் அவளுடைய தேங்காய் எண்ணெய் குளிரில் கட்டியாக உறைந்திருந்தது. ஆனால் பலகையின் கறை ஈரமாக இருந்தது. கீறல்கள் வழியே சொட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டுத் தொட்டு முகர்ந்தாள். கடுகெண்ணெய். அவர்கள் வீட்டில் வாங்குவதே இல்லை. வெதுவெதுப்பாக வேறு இருந்தது.

பயம் வந்தது. ஆனால் பயப்படக்கூடத் தெம்பில்லை. ராத்திரி மறுபடி டியூட்டி. ஸ்பேனரைத் தேடி எடுத்து வந்தாள். அதற்கு வேலையே இல்லை, நட்டுகள் விரலிலேயே சுழன்று வந்தன. பலகையை இழுத்துக்கொண்டுபோய்ப் பின் வராந்தாவில் சாத்தி, கதவைத் தாழிட்டாள். கொஞ்சம் ஜெபித்தாள்.

கட்டிலில் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

தலை நின்றது. மெத்தென்று. இதமாக. கண் செருகியது.

அப்புறம்தான் உறைத்தது.

பலகை வராந்தாவில்.

சுவர் இன்னும் தள்ளி.

பிடரி நனைந்தது. வெதுவெதுப்பாக. கடுகெண்ணெய்.

இத்தனை நாள் இடையில் ஒரு பலகையாவது இருந்தது.

அவள் மூச்சுவிடவில்லை. பின்னால் இன்னொருவர் மூச்சுவிட்டார், வெகுநாள் தூங்காதவரின் நீண்ட பெருமூச்சு. பிறகு அந்தத் தலை, அவள் தலையோடு ஒட்டியபடியே வாகாகக் கொஞ்சம் நகர்ந்து, தன் முழுப் பாரத்தையும் அவள்மேல் இறக்கிச் சாய்ந்துகொண்டது.