மூன்று டைட்டேனியம் வில்லைகள்

திங்கட்கிழமை, காலை 8.40. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சிறிய ஆய்வுகூடம். மேசையில் ஒரு வெறும் பிளாஸ்டிக் கோப்பை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதற்குள் அமிலக் கரைசலும், பொத்தான் அளவில் மூன்று டைட்டேனியக் கலப்புலோக வில்லைகளும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை.

முறிந்த எலும்புக்குப் பொருத்தும் உலோகம் அது. கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுக் குழாய்கள் வளரும்; உலோகம் நீலமாகும். எலும்பு அந்தக் குழாய்களை இறுகப் பிடிக்கும். ஆராய்ச்சியாளர் லதுஷாவின் மூன்று வருட உழைப்பு இதுதான். பன்னிரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து வைத்தியர்கள் பார்க்க வருகிறார்கள். குழாய் வளரவேயில்லை, அதை மறைக்கத்தான் வில்லைகளை ஒளித்துவிட்டாள் என்று பணிப்பாளர் வேலைநீக்கக் கடிதமே எழுதி வைத்துவிட்டார். மனிதருக்கு அவ்வளவு அவசரம்.

இன்ஸ்பெக்டர் ஜெஸ்மின் தேநீர்க் கிளாசோடு நுழைய, ஆய்வுகூட உதவியாளர் அஸீம் வாசலிலேயே மறித்தார்.

"மேடம், கண்ணாடிச் சாமான் உள்ளுக்கு வேணாம். அந்தக் கரைசல் கண்ணாடியைத் தின்னும்."

"இது ஆருக்கெல்லாம் தெரியும்?"

"இந்த அறையில வேலை செய்யிற லதுஷாவுக்கும் எனக்கும் மட்டும்."

ஜெஸ்மின் கிளாசை வெளியே வைத்துவிட்டு லதுஷாவைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?"

"நாலு மணிக்கு ஒரு போன் வந்தது. கதைக்க வெளிய போனனான். கரண்ட் ஓடி முடிய இன்னும் பத்து நிமிசம் இருந்தது. திரும்பி வர, கோப்பை வெறுமை."

"அஸீம்?"

"தேத்தண்ணி குடிக்கப் போனனான்."

"வேற ஆர் இருந்தது?"

"ஒப்பீஸில றெக்சன் மட்டும்."

9.20. நிருவாக அலுவலர் றெக்சனின் அறை.

"வெள்ளி நாலு மணிக்கு எங்க இருந்தனீங்கள்?"

"இந்தக் கதிரையிலதான். அந்த அறைப்பக்கம் நான் போறதே இல்லை."

யன்னலில் ஒரு ஜாம் போத்தல், கழுத்துவரை தண்ணீர், அதில் மணிபிளாண்ட்.

"வடிவா இருக்கு. எவ்வளவு காலமா வைச்சிருக்கிறீங்கள்?"

"ஒரு வருசம் இருக்கும்."

ஜெஸ்மின் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடிப்பாதி, கடற்கரையில் கிடக்கும் கண்ணாடித் துண்டைப்போல் மங்கியிருந்தது. செடியின் தண்டு வெட்டியது வெட்டியபடி இருந்தது.

10.05. எல்லோரையும் றெக்சனின் அறைக்குக் கூப்பிட்டார்.

"எடுத்தது றெக்சன். லதுஷாவோ அஸீமோ எடுத்திருந்தா பிளாஸ்டிக்கிலதான் ஊத்தியிருப்பினம். இந்தப் போத்தலில அடிப்பாதிதான் மங்கல், செடித்தண்ணியோ கழுத்துவரைக்கும். அப்ப மங்கினது தண்ணியால இல்லை, அந்தக் கரைசலால. ஒரு வருசச் செடிக்கு ஒரு வேரும் இல்லை. மங்கலை மறைக்க இண்டைக்குக் காலமை வெட்டி வைச்சது."

றெக்சன் மேசை லாச்சியைத் திறந்தார். கடித உறைக்குள் மூன்று வில்லைகள்.

"ஒரு கொம்பனி கேட்டது. நல்ல வேலை தாறம் எண்டவை."

லதுஷா ஒன்றை எடுத்தாள். நீல நிறம் போய் வெறும் சாம்பலாகக் கிடந்தது.

"ஏன் கரைசலோட எடுத்தனீங்கள்?"

"வளர்ப்பு மீனைத் தண்ணியோட அள்ளுற மாதிரித்தான். காய்ஞ்சா பழுதாகும் எண்டு நினைச்சன்."

"கரண்ட் ஓடேக்க அது குழாயை வளர்க்கும். கரண்ட் இல்லாட்டி வளர்த்ததையே தின்னும்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் ஊறியதில் ஒரு குழாயும் மிஞ்சவில்லை.

ஜெஸ்மின் மணியைப் பார்த்தார். "திருப்பி வளர்க்க ஏலாதோ?"

லதுஷா கண்ணைத் துடைத்தாள். "ஒண்டைத் தேய்ச்சு மினுக்க அரை மணித்தியாலம், கரண்டில ஒரு மணித்தியாலம். மூண்டும் ஏலாது. ஒண்டு ஏலும்."

அஸீம் அதற்குள் கையுறை மாட்டிவிட்டார்.

11.58. வைத்தியர்கள் கோப்பையைச் சுற்றி நின்றார்கள். பணிப்பாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது லதுஷாவின் போன் அடித்தது.

அவள் அதை அடிக்க விட்டாள். நேரம் முடிந்ததும் வில்லையைத் தூக்கி, உடனே தண்ணீரில் கழுவினாள். அது நீலமாக இருந்தது.