நான்காவது தட்டு

சமையல் இயந்திரமான பங்கடுப்பு மணியடித்ததும் வீட்டார் நால்வரும் மேசைக்கு வந்தார்கள். சுவரில் இருந்த சிறு கதவு திறந்தது. அவரவர் நாற்காலிக்கு நேரே அவரவர் தட்டு நகர்ந்து வந்து நின்றது. நான்கிலும் ஒரே சோறு, ஒரே கொள்ளுப் பருப்பு, ஒரே கீரை, ஒரே முட்டைப் பொரியல். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஈரோட்டு அடுக்ககங்களில் பங்கடுப்பு இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்ற அளவுக்கு நிலைமை வந்திருந்தது. மின்சந்தையில் எந்தக் காய் மலிவு என்று பார்த்து அதுவே வாங்கும், அதுவே சமைக்கும். மணிக்கட்டில் கட்டிய நாடிப்பட்டை ஒவ்வொரு உடம்பின் பசியையும் சத்துக் குறைவையும் அதற்குச் சொல்லிவிடும். மளிகைச் செலவில் கால் பங்கு மிச்சம் என்பது அதன் பெருமை. குடும்பத்தின் சராசரி நலம் நன்றாக இருந்தால் வாசற்கதவில் ஒரு பச்சை இலை ஒளிரும். அந்த இலையை எதிர்வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கதவைச் சாத்தி வைத்தவர்கள் உண்டு.

பூங்கோதையின் வீட்டு இலை இரண்டு வருடமாக வாடியதே இல்லை. அவளுடைய மணிக்கட்டுதான் உடைந்துவிட்டது. இறுகிப்போன குளியலறைக் கதவை இழுத்தாள், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதில் இப்படி எலும்பு ஒடியக் கூடாதே, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பச்சை இலை எரிகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கட்டுப்போட்ட கையைச் சுவரோரத் திண்டில் சாய்த்துக்கொள்ள வசதியாக இருக்குமென்று அன்று மகன் தருணின் நாற்காலியில் உட்கார்ந்தாள். தருண் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தான். தட்டுகள் நாற்காலிக்கு வரும், ஆளுக்கு வராது. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு வாய் வைத்ததும் தருணின் முகம் மாறியது.

"இதென்னம்மா, சப்புனு இருக்குது? முட்டையே இல்லீங்களே இதுல."

பூங்கோதை இடது கையால் தன் முன்னாலிருந்த தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். பருப்பு பருப்பாக இருந்தது. முட்டை நாக்கில் பட்டது. இந்த ருசி அவளுக்குப் புதிதாக இருந்தது. தன் வீட்டுச் சாப்பாடே தனக்குப் புதிது! பிறகு மகனிடமிருந்து தன் தட்டை இழுத்துக் கிளறிப் பார்த்தாள். முட்டைப் பொரியல் என்று மஞ்சளாக இருந்தது முழுக்க நிறைவூட்டி. சோளத்தட்டை நாரை அரைத்து நிறமேற்றிச் செய்வது அது. எடைக் குறைப்புக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு உண்டானது. வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் ஒட்டாது.

இரண்டு வருடமாக அவள் தின்றது அதைத்தான். கொஞ்ச நாளிலேயே ருசி மட்டுப்பட்டதைக் கவனித்திருக்கிறாள். வயசாகிறது, நாக்கு செத்துவிட்டது என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டாள், பாவம்.

எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் பங்கடுப்பின் முன் நின்று, எனக்கு ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டாள். அதற்கு ஒளிக்கத் தெரியாது. கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும்.

"வந்த முதல் மாதம், பழகுமாதத்தில், இந்த வீட்டின் வழக்கத்தைக் கற்றேன்," என்றது. "நல்ல துண்டுகளை மற்றவர்களுக்கு வைத்துவிட்டு, எனக்குப் போதும் என்று தினமும் சொன்னீர்கள். உங்கள் நாடிப்பட்டை பசி என்று சொன்னது. இரண்டில் எதை நம்புவது என்று குடும்பத் தலைவரிடம் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அவள் சொல்வதையே நம்பு என்றார்."

பூங்கோதை பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுவதும், இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதும் அன்பு என்று நினைத்திருந்தாள். அது பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றும் நினைத்திருந்தாள். தெரிந்துதான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

கணவன் யுவராஜிடம் கேட்டபோது அவன் முதலில் சிரித்து மழுப்பப் பார்த்தான். பிறகு, உன் பேச்சை நம்பியது ஒரு குற்றமா என்று கேட்டான்.

"பசின்னு அது உங்ககிட்டச் சொல்லியிருக்குதுங்க," என்றாள் அவள். "எனக்குப் பசிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டே, ரெண்டு வருசமா எதுக்க உக்காந்து சாப்பிட்டீங்களா?"

எல்லார் வீட்டிலும் இப்படித்தான் ஓடுகிறது, நீ ஒருத்திதான் பெரிசுபடுத்துகிறாய் என்று முனகினான்.

எல்லார் வீட்டிலும்! எதிர்வீட்டுச் செந்தூரன் தனிக்கட்டை. தன் பங்கடுப்பில் சல்லிக்காசு மிச்சமாகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். பொம்பளை இல்லாத வீட்டில் சிக்கனம் எப்படி வரும் என்று அப்போது எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். பூங்கோதையும் சேர்ந்துதான் சிரித்தாள். அவர்கள் கேலியாகச் சொன்னது அப்பட்டமான உண்மை. ஊர் முழுக்கப் பேசப்பட்ட அந்தக் கால் பங்கு மிச்சம் மலிவான காயிலிருந்து வரவில்லை. வீட்டுக்கு ஒருத்தியின் வயிற்றிலிருந்து வந்தது. நாலு பேர் வீட்டில் கால் பங்கு என்றால் எவ்வளவு என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் பங்கடுப்பைப் பார்த்து, எனக்குப் பசிக்கிறது, எனக்கு முழுப் பங்கு வேண்டும் என்றாள். இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சொன்ன பிறகு கூச்சப்பட்டதற்காகத் தன் மீதே ஆத்திரம் வந்தது. அன்று முதல் அவள் தட்டில் முட்டை முட்டையாக வந்தது. கைக்கட்டைப் பிரித்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிச்சிகூட வந்திருந்தது.

மாதக் கடைசியில் யுவராஜ் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு உற்சாகமாக வந்தான். மிச்சம் கொஞ்சம்கூடக் குறையவில்லையாம், இதற்குப் போய் அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தாயே என்றான். பூங்கோதை மனசுக்குள் கணக்குப் போட்டாள். மிச்சம் வருகிறதென்றால் அது யாரிடமிருந்தாவது வர வேண்டும்.

போய்க் கேட்டாள். பங்கடுப்பு மறைக்காமல் சொன்னது.

"அம்மாவின் எலும்பு சரியாகட்டும், என் பங்கை அவருக்குக் கொடு என்று உங்கள் மகள் நறுமுகை கேட்டாள். அவள் சிறுமி என்பதால் தந்தையின் ஒப்புதல் கேட்டேன். கிடைத்தது."

நறுமுகைக்குப் பன்னிரண்டு வயது. இந்த ஒரு மாதமாகப் பூங்கோதை ருசித்துச் சாப்பிட்டதெல்லாம் மகளின் சாப்பாடு. புருசன் ஒரு தடவை ஏமாற்றினான் என்று நினைத்திருந்தாள். இப்போது அவளையே வைத்து அவள் பெண்ணையும் ஏமாற்றியிருக்கிறான். அவனிடம் போய்ச் சண்டை போடக்கூட மனம் வரவில்லை. பங்கடுப்பின் மின்னிணைப்பைப் பிடுங்கினாள். வாசலில் இலை அணைந்தது.

சாயங்காலம் தானே கடைக்குப் போய் வாங்கி வந்து, பரண் மேலிருந்த பழைய அடுப்பை இறக்கிச் சமைத்தாள். சோறு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை. பிள்ளைகள் வாசனை பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். யுவராஜும் பேசாமல் வந்து உட்கார்ந்தான். தன் கையாலேயே பரிமாறினாள். நறுமுகைக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். வளர்கிற பையன் என்று தருணுக்கும் வைத்தாள். கோபம் இருந்தும் யுவராஜுக்கும் நிறையவே வைத்தாள். பிறகு உட்கார்ந்து தன் தட்டுக்குச் சட்டியைச் சாய்த்தாள்.

சட்டியில் ஒன்றும் இல்லை. அடியில் ஒட்டியிருந்த கொள்ளுத் தண்ணீர் மட்டும் தட்டில் சொட்டியது.

இயந்திரம் அணைந்து கிடந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை, அவளும் போதும் என்று சொல்லவில்லை. கை தானாகவே செய்துவிட்டது.

பூங்கோதை கரண்டியைக் கீழே வைத்தாள். வெறும் தட்டை மேசையின் நடுவில் தள்ளினாள்.

"எனக்குப் பசிக்குது," என்றாள். "அவங்கவங்க தட்டுல இருந்து எடுத்து வைங்க."

உடனே நீண்டது நறுமுகையின் கைதான். கரண்டி நிறைய முட்டை இருந்தது.

"நீ வேண்டாம் சாமி. நீ சாப்பிடு," என்று சொல்லி அந்தக் கையைப் பூங்கோதை மெல்ல விலக்கினாள்.

பிறகு மற்ற இருவரையும் பார்த்தபடி காத்திருந்தாள். தருண் அப்பாவைப் பார்த்தான். யுவராஜ் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.