அணையாத பச்சை

கரண்ட் போன பிறகும் அந்தப் பச்சை அணையவில்லை.

காரைக்குடியில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. மரிய அனிதா அதற்கெல்லாம் பழகிப்போனவள்தான். வெளியே தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்க, ஆய்வகத்தின் இருட்டறைக்குள் கறுப்புத் திரைத்துணியின் புழுக்க வாடையும், நின்றுபோன ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும், சூடு ஆறும் மைக்ராஸ்கோப்பின் முனகலும் மட்டும் இருந்தன. அவள் செல்களுக்குள் செலுத்தியது ஒரு பிளாஸ்மிட். ஜெல்லி மீனின் ஒளிரும் புரதத்துக்கான ஜீனைச் சுமந்துபோகும் டி.என்.ஏ. வளையம். அது போய்ச் சேர்ந்த செல், நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். விளக்கு அணைந்தால் ஒளியும் அணைய வேண்டும். அணையவில்லை. அதைவிட மோசம், ஒளிர்ந்துகொண்டிருந்தது பிளாஸ்மிட்டே போடாத தட்டு, ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்திருந்தது.

அந்தச் செல்கள் பெல்சியுடையவை. அனிதாவின் ஒரே மகள். மதுரை ஆஸ்பத்திரியில் சோதனைக்கென்று எடுத்த தோலில் மிஞ்சியதைக் கெஞ்சி வாங்கிவந்து வளர்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தாயிற்று. செல்கள் மட்டும் பெருகிக்கொண்டேயிருந்தன. அவற்றுக்குச் சத்துநீர் மாற்றும்போதெல்லாம் மகளுக்குச் சோறூட்டுவதாகவே நினைத்துக்கொள்வாள். பைத்தியக்காரத்தனம்தான். பெற்றவளுக்கு வேறு என்ன மிச்சம்?

கரண்ட் வந்ததும் ஆய்வகத் தலைவி துர்காதேவி வந்து குனிந்து பார்த்தார்.

"எல்லாத் தட்டுலயும் பிளாஸ்மிட் கலந்துபோச்சு அனிதா. ப்ளீச் ஊத்திக் கொட்டிரு."

"ஃப்ரீசர்ல கூட வேற இல்ல மேடம். இருக்கறது அம்புட்டும் இதுதான். இதையும் கொல்லச் சொல்றீகளா?"

துர்காதேவி அவள் தோளில் கை வைத்தார். "பெல்சி போயிட்டாம்மா. இது வெறும் செல்லு. எத்தன நாளைக்கு இதக் கட்டிக்கிட்டு அழுவ?"

சொன்னதில் தப்பேயில்லை. அதுதான் அனிதாவுக்குத் தாங்கவில்லை. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஊற்றினாள். இளஞ்சிவப்புச் சத்துநீர் வெளிறியது. ப்ளீச் நெடி தொண்டையில் ஏறியது. மைக்ராஸ்கோப்புக்குள் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி அவிந்தன. கடைசிப் புள்ளி அவிய வெகுநேரம் பிடித்தது. வாய்விட்டு அழுதாள். பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

இருட்டவில்லை.

மேசையின் விளிம்பு தெரிந்தது. தன் விரல்கள் தெரிந்தன. தட்டைப் பார்த்தாள். அது இருண்டு கிடந்தது.

வெளிச்சம் கீழேயிருந்து வந்தது. அவள் சேலைக்குள்ளிருந்து.

கொசுவத்தை விலக்கினாள். அடிவயிறு. பெல்சியைச் சுமந்த இடம். தோலுக்கடியில் பச்சை. ஊர்ந்தது. ஒன்றுசேர்ந்தது.

"பெல்சி... தங்கம்..."

தொடக் கையை நீட்டினாள். கையில் இன்னும் ப்ளீச் நெடி. கை நெருங்க நெருங்க, பச்சை பின்வாங்கியது. விலா எலும்புகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டு, அம்மாவின் கைக்குப் பயந்து, நடுங்கியது.