நாற்பத்தொரு கொலைகாரர்கள்

பிணம் ஒன்று. கொலைகாரர்கள் நாற்பத்தொரு பேர்!

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாடகைக்கு எடுத்த மாடி ஹால். நடுவில் ஸ்கூல் வேன் டிரைவர் செத்துக் கிடந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு. அதே மாதிரி துண்டோடு சுவரோரம் நாற்பத்தொரு பேர். பல் டாக்டர், தையல்காரம்மா, ரிடையரான கணக்கு வாத்தியார்... எல்லாம் எறும்புக்குக்கூட வழிவிடும் முகங்கள்.

"யாரு கொன்னது?"

"நான்தான்!"

நாற்பத்தொரு குரல்!

'ஒளிக் குடும்பம்' என்ற அந்தக் கூட்டத்தின் விதி அது. ஒருவர் செய்த தப்பை எல்லோரும் சுமக்க வேண்டும்.

"எப்படிக் கொன்னீங்க?"

"விஷ ஊசி," என்றார் பல் டாக்டர்.

"கத்திரிக்கோலால குத்தினேன்." தையல்காரம்மா.

பிணத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை!

பிணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நாற்பத்தொன்றாவது ஆளைத் தனி அறைக்கு இழுத்துப் போனார் இன்ஸ்பெக்டர். வேறு யாருமில்லை. சொந்த மச்சான்! லிஃப்ட் மெக்கானிக்.

"மாமா, நான்தான் தள்ளிவிட்டுக் கொன்னேன்."

"டேய்! நீ இந்தக் கூட்டத்தோடயே தங்கிட்டேன்னு உங்க அக்கா மூணு நாளா சாப்பிடல. உன்ன வெளிய கொண்டு வராம வீட்டுக்கு வராதீங்கன்னுட்டா. இந்தக் கருமத்துல எப்படிடா விழுந்தே?"

"ஃபேன் ரிப்பேர்னு கூப்பிட்டாங்க மாமா. 'உங்களாலதான் முடியும்'னாங்க. வேலை முடிஞ்சும் யாரும் கிளம்புன்னு சொல்லல. உக்கார வெச்சுப் பேசச் சொன்னாங்க. வீட்டுல நான் வாயத் திறந்தா எல்லாரும் போனைப் பாப்பீங்க. இங்க நாப்பது பேர் என் முகத்தைப் பாத்தாங்க..."

செல்போன் அலறியது.

"ஒரு நிமிஷம்டா," என்று எடுத்தார் இன்ஸ்பெக்டர்!

மச்சான் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டது. ஆனாலும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர்.

"துண்டுக்கு அடியில ஒரு மெல்லிசு கோடு, சார். எலக்ட்ரிக் ஒயரைப் போட்டு இறுக்கியிருக்காங்க. யார்கிட்டயும் இன்னும் சொல்லல."

ஒயர்!

மச்சானின் காலடியில் கிடந்த டூல்ஸ் பையில் கட்டுக் கட்டாக ஒயர். நாற்பத்தொரு பொய்யில் இந்த ஒன்றைத்தான் கோர்ட் நம்பும்!

"ஏட்டு! இவனப் பாத்துக்கங்க. வாயத் திறந்தா கேக்காதீங்க!"

கீழ்த்தளத்துக்கு ஓடினார். கூட்டத்தின் தலைவர் பெரியண்ணன் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"செத்தவர் இந்தக் கூட்டத்த விட்டுப் போறேன்னு சொன்னாராமே?"

"காலைல இருந்து நான் இந்த ரூமை விட்டு வரல. பிணத்தைப் பார்க்கக்கூட இல்ல."

"எல்லாரும் பழிய ஏத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும்?"

"விதியெல்லாம் பிள்ளைங்களுக்கு. எவனோ ஒயரப் போட்டு இறுக்கின பாவத்த நான் ஏன் சுமக்கணும்?"

"ஒயரா?"

பெரியண்ணனின் கண்கள் திறந்தன.

"மேல நாப்பத்தோரு கொலைகாரங்க இருக்காங்க. ஒருத்தருக்குக்கூட ஒயர் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே!"

கையில் விலங்கு ஏறியது.

இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்தார் இன்ஸ்பெக்டர். மச்சானை அவன் அக்கா முன்னால் நிறுத்திவிட்டால் போதும்!

"டேய், கிளம்பு! கொன்னது உங்க பெரியண்ணன். அரெஸ்ட் பண்ணியாச்சு!"

மச்சான் அசையவில்லை. அவன் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார் ஏட்டு.

"இல்ல மாமா. நான்தான் கொன்னேன்."

"தம்பிய விடுங்கய்யா!" ஏட்டு எழுந்தார். "நான்தான் கொன்னேன்!"

"யோவ்! காலைலேருந்து நீ என்கூட ஜீப்புல இருந்தியேய்யா!"

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல 'முட்டி வலி எப்படி இருக்கு'ன்னு கேட்ட முதல் ஆள் இந்தத் தம்பிதான்யா..."

இன்ஸ்பெக்டருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"ரைட்டர்! உடனே ஒரு ஏட்டு வேணும். வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்க அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேக்கணும். அப்படி ஒரு ஆளாப் பாத்து அனுப்பு!"



"அப்படி ஒரு போலீஸ்காரர் இருந்தா எனக்கும் ஒரு தடவ காட்டுங்க சார்!"