கடைக்கண்ணில் நிற்பவள்

வேன் மலை உச்சி விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. இறங்கியவர்கள் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. வாசலில் நின்றவரை ஓட்டுநர் காட்டினார்.

"இவர்தான் நட்சத்திர வாத்தியார். டெலஸ்கோப் கிலஸ்கோப் எதுவும் கிடையாது. வெறுங்கண்ணாலேயே வானத்தை அலசி எடுத்துடுவார்."

வாத்தியார் சிரித்தார். மனைவி இறந்த பிறகு அன்றுதான் மொட்டைமாடியை மறுபடி திறந்திருந்தார்.

அடிவானத்தை மறைக்கிறது என்று மாடியின் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவரை அவரே இடித்துத் தள்ளியிருந்தார். அண்ணாந்து பார்த்தபடி பின்வாங்கிய மனைவி அங்கேதான் தவறி விழுந்தாள் என்று எல்லோரும் நம்பினார்கள். தவறியது உண்மைதான். ஆனால் உடனே விழவில்லை. விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினாள். "கையைக் குடுங்க" என்று கெஞ்சினாள். விடுதி அவள் பெயரில் இருந்தது. விற்றே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

இப்போது விளக்குகளை அணைத்தார். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று மூவரும் பேசாமல் உட்கார்ந்தார்கள். காற்றில் ஈரப் பாசி வாடை. கொஞ்சம் கொஞ்சமாக வானம் நிரம்பியது.

"அதோ கொத்தா இருக்கே, அது கார்த்திகை. அதைத் தாண்டி, புகை மாதிரி ஒரு திட்டு தெரியுதா?"

"தெரியலையே சார்" என்றாள் அந்தப் பெண்.

"மங்கலானதை நேராப் பார்த்தா மறைஞ்சிடும்மா. கொஞ்சம் தள்ளிப் பாருங்க. கடைக்கண்ணுக்குத்தான் இருட்டுல தெரியும்."

"அட, ஆமா!"

அவள் பார்வையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள்.

"சார்... அந்த ஓரத்துல என்ன அது?"

"எங்கே?"

"சுவர் இல்லாத பக்கம். நேராப் பார்த்தா இல்ல. தள்ளிப் பார்த்தா இருக்கு."

"வந்த இடத்துல பயமுறுத்தாதே" என்று சிரித்த கணவன் முகத்தைத் திருப்பினான். சிரிப்பு பாதியில் நின்றது.

"கை" என்றான் மெதுவாக. "ரெண்டு கை மட்டும். யாரோ தொங்குறாங்க."

வாத்தியார் அசையவில்லை.

"ஏறுறாங்க" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"ஏறிட்டாங்க."

இருவரும் படியில் விழுந்தடித்து ஓடினார்கள். கீழே வேன் உறுமிக் கிளம்பிப் போனது.

வாத்தியாருக்குக் கால் எழவில்லை. விளிம்பை நேருக்கு நேர் வெறித்தார். வெறும் இருட்டு. ஆனால் இடது கடைக்கண்ணில் ஒரு சேலை அசைந்தது. வெடுக்கென்று திரும்பினார். ஒன்றுமில்லை.

இப்போது வலது பக்கம்.

இன்னும் அருகில்.

கண்ணை மூடப் பார்த்தார். மூட முடியவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் ஓட்டுநர் திரும்பி வந்தபோது வாத்தியார் மாடியில் மல்லாந்து கிடந்தார். இமை கொட்டாமல் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுப்பார்வை வெந்துபோச்சு" என்றார் கண் டாக்டர். "இனி நேரா எதுவும் தெரியாது. ஓரத்துல இருக்கிறது மட்டும் தெரியும்."

"அதையும் எடுத்துடுங்க டாக்டர்" என்று வாத்தியார் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவருடைய அக்காதான் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். படுக்கும்போது கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டச் சொன்னார்.

"இறுக்கிக் கட்டுக்கா. இன்னும் இறுக்கி."

"வலிக்கப் போகுதுடா."

"பரவாயில்ல."

அவர் தூங்கும்வரை அக்கா பக்கத்திலேயே இருந்தாள். பிறகு கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போனாள்.

காலையில் தாழைத் திறந்தபோது துணி தலைமாட்டில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தம்பி கண்களை அகலத் திறந்தபடி கிடந்தான், பேச்சு வரவில்லை. அக்கா குனிந்து பார்த்தாள்.

மேலிமையிலும் கீழிமையிலும் பிறை பிறையாக நகத் தடங்கள். ரத்தம் இன்னும் காயவில்லை.