மாடுகளை அழைக்கும் ஹாரன்

"ரெண்டே நாளுதான் அக்கா. வண்டியை நானே கொண்டுவந்து விட்டுடறேன்."

"பொழுது சாஞ்சா அப்பா புதருக்குள்ள போயிடறாருடா. ஹாரன் சத்தம் கேட்டாத்தான் திரும்பி வர்றாரு."

"அவரென்ன மாடா?" என்று சிரித்துவிட்டு, தம்பி ரொஹேலியோ அப்பாவின் பிக்கப் வண்டியை லரேடோ நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அக்கா எர்லிண்டாதான் கேட்டைத் திறந்துவிட்டாள். மறுநாள் மாலை அப்பா புதருக்குள் போனார். அவள் தொண்டை கிழியக் கத்தினாள். நினைவு தப்பிய மனிதருக்கு மகளின் குரல் எங்கே தெரியும்? ஆயுள் முழுக்கத் தீவனத்துக்கு மாடுகளைக் கூப்பிட்ட அந்த ஓட்டை ஹாரன்தான் தெரியும். ஷெரீப்பின் ஆட்கள் தேடினார்கள், நாய்கள் தேடின. ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து இன்றுதான் அந்த வண்டி பண்ணைக்குள் திரும்பி வந்திருந்தது. ரொஹேலியோ இப்போது வேட்டை நிலம் விற்கும் தரகன்; அவன் பழைய பிக்கப்பில் வந்து இறங்கினால்தான் ஹூஸ்டன் பணக்காரர்கள் நம்புகிறார்களாம். இப்போது அவன் விற்பது அப்பாவின் நிலத்தை. நாளை கையெழுத்து. அப்புறம், மான் தாண்டாத உயரத்துக்குச் சுற்றிலும் வேலி. இவளுக்கு உள்ளே வர வழி இருக்காது.

வேட்டைப் பரணில் எர்லிண்டாவின் பக்கத்தில் அவன் கேமராவோடு குந்தியிருந்தான். "நல்ல கொம்போட ஒரு மான் நின்னாப் போதும். ஹூஸ்டன்காரன் படம் கேக்குறான்."

"உன் படத்தையே அனுப்பு. உன்னைவிடப் பெரிய மிருகம் இந்தப் பக்கம் கிடையாது."

கீழே மான்களுக்கு வைத்த தானியங்கித் தீவனப் பீப்பாய் உறுமி, மக்காச்சோளத்தை நாலாபுறமும் இறைத்தது. அந்தச் சத்தத்துக்கு வழக்கமாக முட்டி மோதிக்கொண்டு வரும் மான்கள் இன்று வரவில்லை. சீமைக்கருவேலங்களின் நிழல் புதரை வெட்டிப் போட்ட நேர்பாதையின் குறுக்கே நீண்டு கிடக்க, காடைகள் பாதிக் குரலில் வாயை மூடிக்கொள்ள, இலைகூட அசையாத அந்தப் புழுக்கத்தில் கள்ளிமுள் பொசுக்கிய புகை வாடை மெல்லப் பரணுக்குள் ஏறி வந்தது. பஞ்ச காலத்தில் மாட்டுக்குப் போடக் கள்ளியின் முள்ளைப் பொசுக்கிவிட்டு வரும் அப்பாவின் சட்டையில் அடிக்கும் வாடை.

"யாரு கள்ளி பொசுக்கறது?" ரொஹேலியோ மூக்கைச் சுளித்தான்.

"இங்க மாடு ஏதுடா? எல்லாத்தையும்தான் வித்துத் தின்னுட்டியே."

அப்போது புதர் விலகியது.

தாழ்வாக ஒன்று வெளியே வந்தது. நாலு காலில். பன்றி இல்லை. மானும் இல்லை. சோளத்தை மேயவில்லை. பொறுக்கியது. ஒவ்வொரு மணியாக.

விரல்களால்.

கேமரா விழுந்து உடைந்தது. ஏணியில் எப்படி இறங்கினார்கள், வண்டிக்குள் எப்படி விழுந்தார்கள் என்று எர்லிண்டாவுக்குத் தெரியாது. எஞ்சின் இருமி உயிர்பெற்றது. அந்தச் சத்தத்துக்கு அது தலையைத் தூக்கியது.

அப்பாவின் தொப்பி. அதன் கீழே வாய் நிறையச் சோளம். கன்னமெல்லாம் முள். குத்திய முள் இல்லை. உள்ளிருந்து முளைத்த முள்.

"கேட்டைப் பூட்டிட்டுப் போயிடலாம் அக்கா." ரொஹேலியோ ஸ்டியரிங்கைத் திருப்பினான். "நாளையிலேர்ந்து இது நம்ம நிலமே இல்ல. எவனோ பாத்துக்கட்டும்."

எவனோ. துப்பாக்கியோடு வரும் எவனோ.

அந்த ஒரு சொல்லில் எர்லிண்டாவின் பயம் பொசுங்கிப் போனது. மிஞ்சியது மூன்று வருஷக் கோபம். கியர் போடப் போன அவன் மணிக்கட்டை எலும்பு நோகப் பிடித்தாள்.

பாதை நடுவில் அது அசையாமல் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தது. தீவன நேரத்தில் மாடு காத்து நிற்பதுபோல.

"ஹாரனை அடிடா," என்றாள் அவள். "அப்பாவைக் கூப்பிடு."