வெள்ளிவிழா கேசட்

வரவேற்புரைக்கு அடியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டும் ஒப்பந்தக்காரர்கள் சங்கத்துக்கு இது பொன்விழா வருஷம். பழைய போட்டோ, விழா மலர், கேசட் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுவதற்கு, அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் மாரீஸ்வரியை அமர்த்தியிருந்தார்கள். மிச்சமிருந்தது இந்த ஒரு கேசட்தான். திருச்சுழி ரோட்டுச் சங்கக் கட்டடத்தில், மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைக் காய்ச்சிக்கொண்டிருக்க, ஓடாத காற்றாடிக்குக் கீழே வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, தலைவர் ஐயாத்துரை டேப் ரெக்கார்டரில், வெள்ளிவிழாவில் பேசிய தன்னுடைய இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய குரலை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, மேடைக்கு அடியில யாரும் வேல பாத்தாகளா? கடப்பாரை சத்தம் கேக்குதே."

"பந்தல்காரனுக கம்பு ஊனியிருப்பானுக. அழிச்சிரு."

அவள் லேப்டாப்பில் ஏதேதோ அழுத்திவிட்டு, மேஜை மேலிருந்த சங்கத்து ஸ்பீக்கரில் மறுபடி போட்டாள். கைதட்டல் போயிருந்தது. அவர் குரல் தேய்ந்திருந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவாகக் கேட்டது.

"என்ன செஞ்சாலும் உங்க பேச்சுதான் அழியுது."

ஐயாத்துரை ஏற்றியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்த மேடைக்கு அடியில் இருந்தது, வெள்ளிவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்டவென்று தோண்டிய கிணறு. விழா அன்று காலையில் பக்கம் சரிந்து, வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் சின்னச்சாமி கடப்பாரையோடு மண்ணுக்குள் போய்விட்டான். தோண்டி எடுத்தால் விழா நின்றுபோகும். சுற்றி நின்றவர்களை மிரட்டி, லோடு லோடாக மண்ணடித்து மேவி, அதன் மேலேயே மேடை போட்டார். தேடி வந்த அவன் பெண்டாட்டி தங்கலட்சுமியிடம், "அவன் கேரளாவுக்குப் போயிட்டான் தாயி" என்று சொல்லி அனுப்பினார். சரிந்ததுமே செத்திருப்பான் என்றுதான் இத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

கேசட்டில் இப்போது அவருடைய குரல், மைக்கை விட்டு விலகி, தாழ்ந்து ஒலித்தது.

"ஏலே, இன்னும் தட்டுறான். மைக்கக் கூட்டி வையி."

மாரீஸ்வரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"யாரு தட்டுனது? கீழ யாரு இருந்தாக?"

"அழிம்மா அத."

"அழிக்க மாட்டேன். எங்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு. நான் போறேன்." லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

டேப் ரெக்கார்டரின் வயரைப் பிடுங்கினார். கேசட்டை உருவினார். ஸ்பீக்கர் தட்டிக்கொண்டேயிருந்தது. அறைக்குள் வாடை எழும்பியது. ஆழத்தில் வெட்டிய ஈரக் கரிசலின் வாடை. வெளியே புல் பூண்டு கருகிக் கிடக்கிற இந்தக் கோடையில்.

"மொதலாளி."

மூச்சு வாங்குகிற குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"கயிறு போடுங்க மொதலாளி."

ஸ்பீக்கரின் வலை புடைத்தது. கிழிந்தது. மண் கொட்டியது. முதலில் சரளையாக. பிறகு கட்டி கட்டியாக. கதவுக்கு ஓடினார். உள்பக்கம் திறக்கிற கதவு. அதன் அடியில் மண் முட்டி நின்றது. இழுத்தார். அசையவில்லை.

முழங்கால்வரை வந்துவிட்டது.

கத்தினார். ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கதவைக் கையால் அறைந்தார். யாரும் வரவில்லை.

இடுப்பு.

நெஞ்சு.

கைகள் புதைந்தன. இனித் தட்டக்கூட முடியாது. மண் கழுத்தோடு நின்றது. எல்லாம் அடங்கியது.

அவர் முகத்துக்கு எதிரே மண் மெல்ல விண்டது. ஒரு கை வெளியே வந்தது. விரல்களில் நகமில்லை. அது அவசரப்படவில்லை. அவர் கழுத்தைச் சுற்றி மண்ணைத் தட்டித் தட்டி இறுக்கியது. பிறகு ஒரு பிடி அள்ளி, எழவு வீட்டில் வாய்க்கரிசி போடுகிற நிதானத்தோடு, அவர் உதட்டருகே கொண்டுவந்து காத்திருந்தது.